படகில் வந்த பேக்கேஜ்

போன வாரம் உங்களில் ஒருவர் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைத் தட்டி, நாற்பது மென்பொருள்களை ஒரே மூச்சில் இறக்கி நிறுவியதைப் பின்னால் நின்று பார்த்தேன். நடுவில் திரை ஒரு கேள்வி கேட்டது. அவர் அதைப் படிக்கவே இல்லை. ‘ஒய்’ தட்டினார், என்டர் அடித்தார், டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கையும் துறுதுறுத்தது. ஓய்வு பெற்று இத்தனை நாள் ஆகியும், அந்த எழுத்துகள் மளமளவென்று ஓடுவதைப் பார்த்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

உங்களுக்குப் பேக்கேஜ் மேனேஜர் என்பது சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுவது மாதிரி. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது இல்லை. ஒரு மென்பொருளை நிறுவப் போனால் அது இன்னொன்றைக் கேட்கும். அதைத் தேடிப் பிடித்து வந்தால் அது மூன்றைக் கேட்கும். அந்த மூன்றில் ஒன்று, முதலில் நிறுவியதன் பழைய பதிப்புதான் வேண்டும் என்று அடம் பிடிக்கும். ஒரு முழு நாளை இப்படியே தொலைத்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறேன். அப்புறம் ஒரு நாள் இது வந்தது. பெயரை மட்டும் சொன்னால் போதும், தேவையான எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டு, இறக்கி, வரிசையாக நிறுவி, ‘முடிந்தது’ என்றது. அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த கணக்காளர், “என்னம்மா, கரப்பான் பூச்சியா?” என்று கேட்டார்.

அந்தக் காதல் முற்றிப் போன நேரத்தில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக எங்கள் கன்டெய்னர் யார்டு இருந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதற்கப்பால் கடல். யார்டுக்கு உள்ளே வரும் பெட்டியும் துறைமுகத்துக்குப் போகும் பெட்டியும் ஒரே ஒரு வே பிரிட்ஜில் ஏறி இறங்க வேண்டும். டிரெய்லரோடு சேர்த்து எடை போடும் மேடை அது. எடை நேராக என் லினக்ஸ் சர்வருக்கு வரும், சர்வர் கேட் பாஸை அச்சடிக்கும். அந்தச் சீட்டு இல்லாமல் வண்டி மேடையை விட்டு இறங்கக் கூடாது. துறைமுக வாசலில் கையால் எழுதிய சீட்டை வாங்க மாட்டார்கள். அதாவது, என் சர்வர் தும்மினால் சாலை முழுக்க லாரி நிற்கும்.

அன்று காலை புதுப் பிரிண்டர் வந்து இறங்கியது. பழையது ஒரு சீட்டுக்கு இரண்டு முறை காகிதத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. மேலாளர், “மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மாற்றிக்கலாமே” என்றார். நான்தான், “பத்து நிமிஷ வேலை சார்” என்றேன். பதினொன்றரை மணி. மேடையில் ஒரு டிரெய்லர் ஏறி நின்றது. அது இறங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

புதுப் பிரிண்டருக்கான பேக்கேஜை, அதாவது அதன் மென்பொருள் பொதியை, நிறுவச் சொன்னேன். பேக்கேஜ் மேனேஜர் கணக்குப் போட்டது. சேர்க்கப் போகிறவை என்று நான்கு பெயர்கள். நீக்கப் போகிறவை என்று ஒரு பத்தி. நீளமான பத்தி. நான் அதன் முதல் வரியைப் படித்தேன். ‘பழைய அச்சு நிரல்’ என்று இருந்தது. சரிதானே, பழையது போனால்தானே புதியது வரும். மிச்சத்தைப் படிக்கவில்லை.

வழக்கமான ‘ஒய்’ கேள்வி வரவில்லை. நீ செய்யப் போவது கேடு விளைவிக்கலாம், உண்மையிலேயே வேண்டுமென்றால் இந்த வாக்கியத்தை முழுசாகத் தட்டு என்று கேட்டது. ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே!’ ஆமாம், நான் சொன்னபடியே செய். எழுத்துப் பிசகக் கூடாது, கமா விடக் கூடாது, கடைசியில் ஆச்சரியக்குறி வேண்டும். அதை எழுதியவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவசரக்காரியின் கையைப் பிடித்து இருபது எழுத்து தூரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன்? ஆச்சரியக்குறி உட்பட, ஒரு பிழை இல்லாமல், வேகமாகத் தட்டினேன். என் தட்டச்சு வேகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எழுத்துகள் ஓடின. நீக்குகிறேன், நீக்குகிறேன், நீக்குகிறேன். நான்காவது வரியிலேயே எடை விவரம் சேமிக்கும் தரவுத்தள நிரலின் பெயர் போனது. அதற்குப் பின்னால் பாதி அமைப்பு போனது. தொலைபேசி வழியாக இணையத்துக்குப் போக உதவும் நிரலும் போனது. இழந்ததை மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்றால், இறக்குவதற்கான வழியையே இழந்திருந்தேன். மீதி இருந்தது, கையில் கிடைக்கும் பேக்கேஜை அப்படியே நிறுவும் ஒரு சின்னக் கருவி மட்டும். ஆனால் கையில் ஒன்றும் இல்லை. இறக்கிய பேக்கேஜ்களின் பிரதிகளை அது எப்போதும் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைக்கும். எனக்கு அது குப்பையாகத் தெரிந்தது. போன வாரம்தான் துடைத்துச் சுத்தமாக்கியிருந்தேன்.

ஜன்னலில் யாரோ தட்டினார்கள். மேடையில் நின்ற டிரெய்லரின் ஓட்டுநர் ஏழுமலை அண்ணன். வியாசர்பாடிக்காரர், ஐம்பது வயது இருக்கும், எங்கள் யார்டுக்கு வருடக்கணக்காக ஓட்டுகிறவர்.

“இன்னா தங்கச்சி, சீட்டு வரல?”

“பத்து நிமிஷம் அண்ணே.”

“கரீட்டா பத்து நிமிஷமா? இன்னிக்கு நம்ம பொண்ணுக்கு நிச்சயம்மா. ஆறரைக்கு புத்த விகாருல வெச்சிகீது. இந்தப் பொட்டிய அஞ்சு மணிக்குள்ள ஆர்பருல வுட்டாத்தான் நான் வூட்டுக்குப் போவ முடியும்.”

“பத்தே நிமிஷம்” என்றேன்.

அவர் போனதும் ராயபுரம் அலுவலகத்துக்கு போன் போட்டேன். அங்கே எங்கள் சர்வருக்கு இரட்டைப் பிறவி மாதிரி இன்னொன்று இருந்தது. அதே மென்பொருள்கள், அதே பதிப்புகள். அதைப் பார்த்துக்கொண்டவர் சேவியர். கெட்டிக்காரர், ஆனால் ஒரு வேலையைச் சொன்னால் அது ஆறின பிறகுதான் தொடுவார். அவர் சர்வரிலும் இருந்த அந்தப் பேக்கேஜ் ஃபோல்டரைக் காலி செய்யச் சொல்லி ஒரு மாதமாக அவரைக் கிழித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள்கூட, “உன் மிஷின் கார்ப்பரேஷன் குப்பைமேடா?” என்று கேட்டிருந்தேன்.

“சேவியர், அந்த ஃபோல்டரை அழிச்சிட்டியா?” என்றேன். பதற்றத்தில் குரல் அதட்டலாகத்தான் வந்திருக்கும்.

“அப்பவே அழிச்சாச்சும்மா. பளபளன்னு கீது” என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஒன்றேகால் மணி நேரம் நான் செய்ததை எல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். இழுப்பறையில் இருந்த பழைய சிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் சினிமாப் பாட்டு இருந்தது. மேலாளர் வந்து கேட்டபோது, “புதுப் பிரிண்டர் தகராறு பண்ணுது சார்” என்றேன். ஏழுமலை அண்ணன் இரண்டாம் முறை வந்தார். “இன்னும் பத்து நிமிஷம்” என்றேன். மொத்தக் கடிகாரத்திலும் எனக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான் போலிருக்கிறது. வெளியே டிரெய்லர்கள் உள்ளே நுழைய முடியாமல் சாலையில் நின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தவை குறுக்கே சிக்கின. சுங்கச்சாவடி வரைக்கும் அடைத்துவிட்டது என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். ஹாரன் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஏழுமலை அண்ணன் மூன்றாம் முறை ஜன்னலுக்கு வரவில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

“தங்கச்சி, போன தபா நிச்சயம் வெச்சப்பவும் நான் போவல. எண்ணூர்ல லாரியோட மாட்டிக்கினேன். புளியாந்தோப்புலேர்ந்து வந்தவங்க ரெண்டு மணி நேரம் குந்திகினு இருந்துட்டு எழுந்து போய்ட்டாங்க. அப்பன் வராம தட்டு மாத்த வேணாம்னு என் பொண்ணு மித்ரா சொல்லிச்சு. இன்னிக்கும் நான் போவலன்னா அவங்க இன்னொரு தபா வர மாட்டாங்க. நீ நெசத்தச் சொல்லிட்டா, நான் யார் கையில கால்ல வுழணுமோ வுழுவேன். டபாய்க்காத. மிசினுக்கு இன்னா?”

ஒரு மனிதர் ஒன்றரை மணி நேரத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். நான் அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிய்த்து எறிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

“மிஷினுக்கு ஒண்ணும் இல்லண்ணே. நான்தான் அழிச்சிட்டேன். அழிக்கட்டுமான்னு அது கேட்டுச்சு, ஆமான்னு சொன்னேன். திரும்பப் போட வேண்டிய சரக்கு ராயபுரம் ஆபீஸ்ல மட்டும்தான் இருந்துச்சு. அதையும் அங்க இருக்கிறவர் அழிச்சிட்டார். எப்ப சரியாகும்னு எனக்குத் தெரியாது.”

அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார். “அந்த ஆளு ஏன் அழிச்சான்?”

“நான்தான் அழிக்கச் சொன்னேன். ஒரு மாசமாத் திட்டிக்கிட்டே இருந்தேன்.”

“இன்னிக்கும் அதட்டித்தான் கேட்டியா?”

“ஆமா.”

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. “எங்க மொதலாளி போன் போட்டு ‘ஆயில் மாத்தினியாடா’ன்னு கத்துவாரு. மாத்திட்டேன்னுதான் நான் சொல்லுவேன். மாத்தியிருக்க மாட்டேன். போன் போடும்மா. போட்டு, நீ பண்ணத மொதல்ல சொல்லு. அப்பால கேளு.”

போட்டேன். “சேவியர், நான் சர்வரை அழிச்சிட்டேன். என் தப்பு. உன்கிட்ட அந்த ஃபோல்டர் இருந்தா என்னைக் காப்பாத்தும். இல்லன்னாலும் உன்மேல கோபம் இல்ல. இருக்கா?”

அந்தப் பக்கத்திலிருந்து சேவியர் ரொம்பச் சின்னக் குரலில், “எல்லாம் அப்படியே கீதும்மா. நான் ஒண்ணுத்தையும் தொடல. நீ கத்துவியேன்னுதான்...” என்றார்.

நான் கத்தினேன். சந்தோஷத்தில் கத்தினேன். ‘உன் சோம்பேறித்தனம் நல்லா இருக்கணும்டா சாமி’ என்று என்னென்னவோ சொன்னேன். ஏழுமலை அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார்.

நேராக மேலாளர் அறைக்குப் போய் அவரிடமும் உண்மையைச் சொன்னேன். திட்டினார். திட்டி முடித்துவிட்டு, “எத்தனை மணிக்கு வரும்?” என்றார். “சேவியர் எழுதித் தரும் சிடி வந்து சேர்ந்தால் அதிலிருந்து ஒரு மணி நேரம். சிடி எப்போது வரும் என்று தெரியாது” என்றேன். அன்று நான் சொன்ன முதல் சரியான கணக்கு அதுதான்.

ஏனென்றால் அடுத்த சிக்கல் தயாராக இருந்தது. சேவியர் எல்லாவற்றையும் சிடியில் எழுதுவதற்கு முக்கால் மணி நேரம். அதன்பின் ராயபுரத்திலிருந்து இங்கே எப்படி வருவது? ரயில் அப்போதுதான் போயிருந்தது, அடுத்தது நாலு மணிக்குத்தான் திருவொற்றியூர் வரும். சாலையிலோ சைக்கிள்கூட நகரவில்லை. யாருடைய லாரிகள்? எங்களுடையவை. என் சர்வர் விழுந்ததால் சாலை அடைத்தது, சாலை அடைத்ததால் அதைச் சரிசெய்யும் மருந்து வர முடியவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

ஏழுமலை அண்ணன் ஜன்னல் ஓரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “ரோடு அடைச்சிகினா இன்னாம்மா, கடலு காலியாத்தானே கீது” என்றார்.

நான் போனை எடுத்தேன். சேவியரின் வீடு காசிமேட்டில், அவர் மச்சானுக்கு ஃபைபர் படகு இருந்தது எனக்குத் தெரியும்.

“படகா?” என்றார் சேவியர். “தாயே, அப்பாவோட கடலுக்குப் போயி வாந்தி எடுத்துகினே கெடந்தவன் நான். அந்தக் கடலுக்குப் பயந்துதான் கம்ப்யூட்டரே படிச்சேன்.”

அவரிடம் மித்ராவின் நிச்சயத்தைச் சொன்னேன். புளியாந்தோப்புக்காரர்கள் ஒருமுறை எழுந்து போனதைச் சொன்னேன். அதற்கு மேல் கெஞ்சவில்லை. சேவியர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. “ரெண்டு சிடி எழுதறேன். ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு மச்சான்கிட்ட. ஒருத்தன் தண்ணில வுழுந்தாலும் இன்னொண்ணு வரும்” என்றார். பயத்தில் இருந்தபோதும் அந்த மனிதருக்குப் புத்தி எப்படி ஓடியிருக்கிறது பாருங்கள். இருபது வருடம் கழித்தும் நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது சிடியைத்தான்.

இரண்டரை மணிக்கு நானும் ஏழுமலை அண்ணனும் டிரெய்லர்களுக்கு நடுவே உடம்பைச் சுருக்கி நுழைந்து சாலையைக் கடந்து கருங்கல் கரையில் ஏறி நின்றோம். உச்சி வெயில் இறங்கவில்லை, கல் காலைச் சுட்டது. தெற்கே ஒரு புள்ளி தெரிந்தது. நீலப் படகு. முன்னால் ஒரு உருவம் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தது. “அது சேவியர்தான்” என்றேன். “வாந்தி எடுக்கிறாரு” என்றார் ஏழுமலை அண்ணன்.

படகு கல்லில் மோதாமல் அலை பார்த்து நின்றது. மச்சான் ‘இப்ப’ என்றதும் சேவியர் குதித்தார். கால் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார். ஏழுமலை அண்ணன் இறங்கி அவர் காலரைப் பிடித்து மேலே இழுத்தார். சேவியர் சட்டைக்குள்ளிருந்து பால் கவரில் சுற்றிய சிடியை எடுத்தார். கல்லில் அடிபட்டு இரண்டாக உடைந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். பின்னாலிருந்து மச்சான், “இன்னா முழிக்கிறீங்க, இந்தாங்க” என்று துடுப்பின் நுனியில் ஒரு பையை மாட்டி நீட்டினார்.

ஓடினோம். இந்த முறை ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தேன். செய்யாதே, செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல் என்று கேட்க ஒரு வழி உண்டு, முதலில் அப்படிக் கேட்டேன். பக்கத்தில் சேவியர் சொட்டச் சொட்ட நின்று இன்னொரு முறை படித்தார். நீக்கப் போகிறவை பட்டியல் காலி. அதற்குப் பிறகுதான் என்டர். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. நிறுவுகிறேன், நிறுவுகிறேன், நிறுவுகிறேன். மூன்றே முக்காலுக்குத் தரவுத்தளம் எழுந்தது. எடை வந்தது. பழைய பிரிண்டர், அந்தக் காகிதம் கடிக்கும் கிழம், இரண்டு முறை இருமிவிட்டு ஏழுமலை அண்ணனின் சீட்டைத் துப்பியது. சேவியர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார், நான் அவருடைய ஈரச் சட்டையைப் பிடித்துக் குலுக்கினேன்.

ஏழுமலை அண்ணன் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் வண்டியை எடுத்தார். மேடை காலியானதும் உள்ளே வர வேண்டியவை வந்தன, சாலை மெதுவாக அவிழ்ந்தது. அவர் ஐந்து மணிக்குள் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. அன்று மாலை முழுக்க நானும் சேவியரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

நான்கு நாள் கழித்து ஜன்னலில் தட்டல். ஏழுமலை அண்ணன் ஒரு புகைப்படத்தை நீட்டினார். புத்தர் சிலைக்கு முன்னால் பட்டுப்புடவையும் வேட்டியுமாக ஒரு கூட்டம். நடுவில் மித்ரா, பக்கத்தில் மாப்பிள்ளை. அவர்களுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டையில், முழங்கால் வரை கடல் தண்ணீர் காய்ந்த உப்புக் கறையோடு, தட்டைப் பிடித்துக்கொண்டு இவர். வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்ற நேரம் இருந்திருக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் முயலவில்லை.

“கல்யாணத்துக்கு நீயும் அந்த வாந்தி பார்ட்டியும் கண்டிப்பா வரணும்னு மித்ரா சொல்லிச்சு” என்றார். “நடந்த கதய பூராச் சொன்னேன். படகு, சிடி, எல்லாம். நீ பத்து நிமிசம்னு சொல்லிகினே இருந்தல்ல, அத மட்டும் சொல்லல.”

“ஏண்ணே?”

“உன்ன ரொம்ப நல்லவன்னு நெனச்சிகினு கீதும்மா. ஏன் கெடுக்கணும்.”

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். தப்பான வாக்கியத்தை நீங்களும் ஒரு நாள் தட்டுவீர்கள். இந்தத் தொழிலில் தட்டாதவர்கள் கிடையாது. அதற்குப் பிறகு முதலில் ஜன்னலில் தட்டுகிற ஆளிடம் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் மித்ரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னாள். அந்தப் பத்து நிமிடக் கதையை நானே அவளிடம் சொன்னேன்.